முள் என்று சொன்னவன்

அவளை நான் நேரில் "நீ, வா, போ" என்றுதான் பேசுவேன். இருபது வருடமாக அப்படித்தான். எழுதும்போது மட்டும் "அவர்" என்று போட்டால் நான் பெரிய மனிதனாகத் தெரிவேன், ஆனால் அது பொய்யாக இருக்கும். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். எங்கள் மிளகாய்க் காட்டில் பழம் எடுக்க வருகிறவள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி ஒரு சுருட்டை விரியன் கடித்துப் போனது என்று ஊரில் சொல்வார்கள். பாம்பு கடித்தது ஒரு நொடி. அதற்குப் பிறகு ஏழு மணி நேரம் அவளைக் காட்டிலேயே வைத்திருந்தது நான்.

எனக்குத் தொழில் அருப்புக்கோட்டையில் உரக்கடை. விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் நோய் விழுந்த செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். இலை பையிலிருந்து முழுதாக வெளியே வருவதற்குள் நோயின் பெயர் என் வாயிலிருந்து வந்துவிடும். மேல்பக்கமாகச் சுருண்டிருந்தால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருந்தால் சிலந்தி, இந்தா மருந்து, அடுத்த ஆள் வா. "அண்ணாச்சி பாத்த மாத்திரத்துல சொல்லிருவாக" என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் எனக்கு மகா திமிர். யோசித்துச் சொல்கிற கடைக்காரனைப் பார்த்தால் இளக்காரமாக இருக்கும். நான் கொடுத்த மருந்து வேலை செய்யாமல் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர்கள் எதிர்க்கடைக்குப் போயிருப்பார்கள். என்னிடம் திரும்பி வருகிறவர்கள் பலன் கண்டவர்கள் மட்டும்தான். ஆகவே என் கண்ணுக்குத் தெரிந்தவரை நான் தப்பே செய்ததில்லை.

காடு இருப்பது திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில். மூன்று ஏக்கரில் சம்பா மிளகாய். சீமைக்கருவேலத்தை வெட்டிப் போட்டு அடைத்த முள்தான் வேலி. எங்கள் பக்கத்தில் முள் குத்துவதை யாரும் ஒரு சம்பவமாகச் சொல்ல மாட்டார்கள். நடந்தால் குத்தும், உட்கார்ந்தால் குத்தும், சில நாள் கொடியில் காய்ந்த சட்டையை எடுத்துப் போட்டால் அதிலிருந்தும் குத்தும். பெண்கள் பேச்சை நிறுத்தாமலேயே குனிந்து பிடுங்கிப் போட்டுவிட்டு நடப்பார்கள்.

அந்த முள்ளுக்குள்தான் மற்றதும் கிடக்கும். அதனால் சுருக்கென்று ஏதாவது ஏறி, முள் கண்ணுக்கு அகப்படாவிட்டால் எங்களுக்கு ஒரு சோதனை உண்டு. வேப்பிலையைப் பறித்துக் கொடுத்து மென்று பார்க்கச் சொல்வோம். கசந்தால் முள். கசக்காமல் சப்பென்று இருந்தால் விஷம் ஏறியிருக்கிறது. எங்கள் அப்பா காலத்திலிருந்து நான் பார்த்து இருபது முப்பது பேருக்காவது இந்தச் சோதனை நடந்திருக்கும். எல்லாருக்கும் கசந்தது. எல்லாரும் மறுநாள் வேலைக்கு வந்தார்கள். இதைவிட உறுதியான சோதனை வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன். அவர்களை எல்லாம் குத்தியது வெறும் முள்தான், இலையை மெல்லாவிட்டாலும் மறுநாள் வேலைக்கு வந்திருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற விஷயம். எனக்குப் புரிய ஒருத்தியின் விரல் போக வேண்டியிருந்தது.

ஒரே ஒரு தடவைதான் அந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டேன். அவளுக்குக் கடிபடுவதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்தது. மருந்து அடிக்க வந்த ஆள் ஒருவர் வரப்பில் நின்று "பாம்பு, பாம்பு" என்று அலறிவிட்டுக் கண்ணைச் செருகிக்கொண்டு விழுந்துவிட்டார். வாயில் இலையைத் திணிக்க முடியாத நிலை. காரில் தூக்கிப் போட்டு, வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டு, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். ஒரு நாள் முழுக்கப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் குதிகாலிலிருந்து அரை அங்குல முள்ளை எடுத்து ஒரு பஞ்சில் வைத்து என்னிடம் காட்டினார்கள். அந்த ஆள் விழுந்தது பயத்தில்.

நல்ல காரியம்தான் செய்தேன். ஆனால் ஊர் அதை அப்படிப் பார்க்கவில்லை. திருச்சுழி டீக்கடையில் நான் காரை விட்டு இறங்கினாலே என் வயசுக்காரன் ஒருவன், "ஏலே, முள்ளுக்கு ஹாரன் அடிச்ச மொதலாளி வாரான், வழி விடுங்க" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும். பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவன் என்று பேர் வாங்கியவனுக்கு, முள்ளையும் பாம்பையும் பிரிக்கத் தெரியவில்லை என்று பேர் வந்துவிட்டது. இனி ஒருத்தன் பேச்சைக் கேட்டுக் காரை எடுக்கிற வேலை வேண்டாம் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். கேலிக்குப் பயந்து எடுத்த முடிவு என்று இன்றைக்குத்தான் சொல்கிறேன். அன்றைக்கு அதை நான் அனுபவம் என்று நினைத்தேன்.

இனி அவளைப் பற்றி. பழம் எடுப்பதில் அவளுக்குக் கை வேகம் அதிகம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பில் வைத்து ஒரு திருகு. பழம் காம்போடு வரும், செடி அசையாது. மற்றவர்கள் ஒரு சால், அதாவது ஒரு வரிசைச் செடி, முடிப்பதற்குள் அவள் ஒன்றரைச் சால் முடித்திருப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அது இல்லை. அவள் சாக்குச் சொல்கிறவள் என்பதுதான்.

அந்த முத்திரையை அவள்மேல் குத்தியதும் நான்தான். கடிபடுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் ஒரு மத்தியானம், "வயித்த வலிக்குதுய்யா, இன்னைக்கு விட்டுருங்க, போறேன்" என்று கேட்டுப் போனாள். நான் சாயங்காலம் வண்டியில் டவுனுக்குத் திரும்பும்போது எனக்கு முன்னால் போன பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சப்பை. வயிற்று வலிக்காரி டவுனுக்கு ஊர் சுற்றப் போகிறாள் என்று முடிவு செய்தேன். அதற்கு முன் தலைவலி என்று போனது, காய்ச்சல் என்று போனது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. எல்லாமே சாக்கு என்று இப்போது தெளிவாகத் தெரிந்தது. அவள் வேலைக்கு வந்த மற்ற நூறு நாளில் ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை.

அது பங்குனி மாதம். காலை ஏழு, ஏழே கால் இருக்கும். பழம் போடுகிற சாக்குகளை மடித்து வேலியோரம் வைப்பது வழக்கம். அவள் சாக்கை எடுக்கப் போனாள். நான் கிணற்று மேட்டில் நின்று மோட்டாருக்குப் பியூஸ் போட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாரும் அந்தப் பக்கம் இல்லை. "ஐயா" என்று கூப்பிட்டபடி வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஐயா, கையில என்னமோ..."

"என்னமோன்னா? முள்ளா இருக்கும். காட்டு."

காட்டினாள். மிளகாய் எடுக்கிற கை, விரல் எல்லாம் ஏற்கெனவே சாயம் ஏறிச் சிவந்து கிடந்தது. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒரு பொட்டு ரத்தம். ஒன்றுதான் தெரிந்தது. இன்னொன்று இருக்கிறதா என்று நான் விரலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"சாக்க எடுக்கையில சுருக்குன்னு ஏறுச்சுய்யா."

"சாக்கு பூராம் முள்ளு. உதறி வைங்கன்னு தெனம் சொல்றேன், எவ கேக்குறீக?"

அவள் வாயைத் திறந்து மூடினாள். எனக்கு அது தெரிந்தது. இன்றைக்கு முன்கூட்டியே சாக்கை ஆரம்பித்துவிட்டாள், அரை நாள் விடுப்புக் கேட்கப் போகிறாள் என்றுதான் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன். அவள் கேட்பதற்குள் அதை முடித்துவிட வேண்டும். கிணற்றோரத்து வேம்பிலிருந்து ஒரு கொத்தை ஒடித்துக் கொடுத்தேன். நாலு இலையை வாயில் போட்டு மென்றாள்.

"கசக்குதுல்ல?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். "ம். கசக்குதுய்யா" என்றாள்.

"அப்புறம் என்ன. போ, வேலையப் பாரு."

அவள் காலையிலிருந்தே வெற்றிலை போட்டிருந்தாள். புகையிலையும் சேர்த்து. அந்த வாய்க்கு வேப்பிலை எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது. அதை நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தேன், அவள் அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குச் சோதனை என்று பேர்.

பதினோரு மணி வாக்கில் அவளுடைய தங்கச்சி வந்தாள். அவளும் எங்கள் காட்டில் பழம் எடுக்கிறவள்தான். "அக்காவுக்குக் கை வீங்கியிருக்குய்யா" என்றாள். போய்ப் பார்த்தேன். விரலும் புறங்கையும் உப்பியிருந்தன. ஒரு நொடி கார் நின்ற பக்கம் திரும்பினேன். அந்த ஒரு நொடியில் நான் காரை எடுத்திருக்கலாம். அதற்குள் காரணம் வந்துவிட்டது. முள் குத்தின இடத்தில் மிளகாய்ச் சாறு பட்டிருக்கிறது, காந்தல் ஏறி வீங்கியிருக்கிறது. பழம் எடுக்கிறவர்களுக்கு விரல் காந்துவது தினமும் உள்ளதுதானே. "மோர விட்டுக் கழுவு. வேப்பமர நெழல்ல செத்த நேரம் உக்காரச் சொல்லு" என்றேன். நிழலில் உட்காரச் சொன்னதே பெரிய தயவு என்று எனக்கு நினைப்பு வேறு.

காலையில் முள் என்று சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வீக்கத்தை வேறு மாதிரி பார்த்திருப்பேன் என்று தோன்றுகிறது. சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வருவதெல்லாம் சொன்னதற்குச் சாட்சியாகவே வந்தன. வீங்கினால் மிளகாய்க் காந்தல். தலை சுற்றுகிறது என்றால் வெயில். சாப்பாடு வேண்டாம் என்றால் பிகு. மத்தியானம் அவள் நிழலில் சாய்ந்தபடி பக்கத்தில் துப்பினாள். சிவப்பாக விழுந்தது. வெற்றிலை போடுகிறவள் துப்பினால் சிவப்பாகத்தானே விழும். அதைப் பார்த்தபடியே நான் அவளைத் தாண்டிப் போனேன்.

இரண்டு மணிக்கு மேல் தங்கச்சி மறுபடி வந்தாள். இந்தத் தடவை "ஐயா" கூட இல்லை.

"வெத்தல போட்டு அஞ்சாறு மணி நேரம் ஆச்சு. மூணு தடவ வாயக் கொப்புளிச்சுட்டா. இன்னமும் செவப்பாத்தான் துப்புறா. வந்து பாருங்க."

போனேன். அவள் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்புளித்துத் துப்பினாள். சிவப்பு. ஈறு முழுக்க ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கையில் சுற்றியிருந்த துணி நனைந்திருந்தது. காலை ஏழு மணிக்குக் குத்தின முள் மத்தியானம் இரண்டு மணிக்கும் ரத்தம் விடாது. அது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் காரை எடுத்ததும், வழி முழுக்க ஹாரன் அடித்ததும், அருப்புக்கோட்டையில் முதல் ஊசி போட்டு மதுரைக்கு அனுப்பியதும் ஒரே மூச்சில் நடந்தன. ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். காரியாபட்டி தாண்டும்போது அவள், "தங்கச்சிக்குப் போனப் போட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்கய்யா, ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றாள். நான் வழி நெடுக மணி பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணி நேரத்தைச் சும்மா விட்டவன் அப்போது நிமிஷத்தை எண்ணினேன்.

மதுரையில் டாக்டர் அவளிடம் கேட்டார். "என்ன கடிச்சுதும்மா? பாத்தீங்களா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "முள்ளுன்னு நெனச்சோம்யா" என்றாள்.

நான் வேப்பிலை விஷயத்தைச் சொன்னேன். எங்கள் தரப்பிலும் ஏதோ செய்தோம் என்று காட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. டாக்டருக்கு என் மகன் வயது இருக்கும். "சார், வேப்பிலை எல்லாருக்கும் கசக்கும். பாம்பு கடிச்சவங்களுக்கும் கசக்கும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவருக்கு அடுத்த வேலை இருந்தது.

உயிர் பிழைத்தாள். விரல்தான் கறுத்துப்போய் இரண்டாவது கணுவோடு எடுக்க வேண்டி வந்தது. பக்கத்து விரல் மடங்காது. மூன்றாவது நாள் ஆஸ்பத்திரியில் பழைய மருந்துச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். தங்கச்சி அவளுடைய மஞ்சப்பையைக் கொட்டினாள். வெற்றிலைப் பொட்டலம், பஸ் டிக்கெட், அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று. வயிற்று வலிக்கு மாத்திரை எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். அவள் வயிற்று வலி என்று கேட்டுப் போன அதே நாள். அவளைப் பஸ்ஸில் பார்த்ததை வைத்து அவள் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேனே, அந்தப் பஸ்ஸில் அவள் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறாள். சீட்டை மடித்து மறுபடி பைக்குள் வைத்தேன்.

ஊரில் எல்லாருக்கும் எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. "வீங்குனப்பவே நெனச்சேன்" என்றார்கள். "அந்த வேலி ஓரத்துல சுருட்ட கெடக்கும்னு நான் போன வருசமே சொல்லல?" என்றான் டீக்கடை நண்பன். ஒருவனும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பொய் சொல்வதாகவும் எனக்குத் தோன்றவில்லை. நிஜமாகவே சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள்.

அவர்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் கதையும் மாசத்துக்கு மாசம் மாறியது. கடைக்கு வருகிறவர்கள் விசாரிக்கும்போது முதலில், "நான் முள்ளுன்னு நெனச்சுட்டேன்" என்றேன். கொஞ்ச நாளில், "ரெண்டு பேருமே முள்ளுன்னு நெனச்சுட்டோம்" என்று ஆனது. அவளே டாக்டரிடம் நெனச்சோம் என்றுதானே சொன்னாள். இன்னும் கொஞ்ச நாளில், "அவளே முள்ளுங்குறா, நான் என்ன செய்ய? பதினோரு மணிக்கே எனக்குச் சந்தேகந்தான்" என்று ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. கொடுமை என்னவென்றால் அதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது.

இரண்டு வருடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் நான் தூங்கினேன். அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, நேரம் சரியில்லை. அவள் மறுபடி பழம் எடுக்க வந்தாள். இடது கையால் எடுக்கப் பழகிக்கொண்டாள். மற்றவர்கள் ஒரு சால் முடிக்கும்போது அவள் முக்கால் சாலில் நிற்பாள். நான் அவளை அவசரப்படுத்துவதில்லை. அதையும் ஒரு தயவாக நினைத்தேன்.

போன மாசியில் ஒரு காலை. புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி சாக்கை எடுக்கக் குனிந்தாள். விரல் போனவள் பின்னாலிருந்து அதட்டினாள்.

"கையக் குடுக்காத. கம்ப வச்சுத் தட்டிட்டு எடு. என்னையக் கடிச்சது இப்பிடித்தான் சாக்கு மடிப்புக்குள்ள கெடந்துச்சு. கடிச்சுட்டு வேலிக்குள்ள வழிஞ்சு போகுது, நான் பாத்துக்கிட்டே நிக்கேன்."

நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் போனேன்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்யா. ஒரு சாண்தான் இருக்கும். மண்ணுக் கலரு."

எனக்கு முதலில் வந்தது கோபம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவள்மேல் கோபம் வந்தது. "பாத்துட்டு ஏன் சொல்லல? முள்ளுன்னுதான அன்னைக்குச் சொன்ன?" என்று சத்தம் போட்டேன். மற்ற பெண்கள் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவள் சத்தம் போடவில்லை. "நான் எங்கய்யா முள்ளுன்னேன்? சொல்லத்தான் வந்தேன். வாயெடுக்க முன்ன நீங்க முள்ளுன்னுட்டீக. நீங்க நாலு எழுத்துப் படிச்சவுக. நம்ம பாத்தது ஓணான் வாலா இருக்கும்னு நானும் நெனச்சுக்கிட்டேன். அந்நேரத்துக்கு எனக்கும் அது முள்ளாவே இருந்தாத் தேவலன்னு இருந்துச்சு."

"டாக்டர் கேட்டாகள்ல. அவுகட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"உங்களப் பக்கத்துல வச்சுக்கிட்டா? உங்களுக்குல்ல கொறச்சலாப் போகும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நீங்க கேட்டிருந்தீகன்னா சொல்லியிருப்பேன்யா. கசக்குதுல்லன்னுதான் கேட்டீக. என்ன கடிச்சதுன்னு கேக்கல."

எந்தச் சால் முடிந்தது, எது மிச்சம் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. குத்திக் காட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

அந்த இரண்டு வருடத்தில் அவள் வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நான் என்ன கேட்டேன் என்பது ஞாபகம் வந்தது. "இப்ப வலி இல்லைல்ல?" "கை பழகிருச்சுல்ல?" "ஒண்ணும் செரமம் இல்லைல்ல?" ஒவ்வொன்றுக்கும் அவள் "இல்லய்யா", "ஆமாய்யா" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பதில்களை நம்பித்தான் நான் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். வலிக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

செடிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், பார்க்கட்டும். "இந்தா, தாயி" என்றேன். அவளை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "கை எப்பிடி இருக்கு? நான் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு."

அவள் பழம் எடுப்பதை நிறுத்தினாள். எனக்கு எந்தப் பதில் வேண்டும் என்று என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.